புதியவருக்கும் சேர்த்துப் பேசட்டும் திருச்சபைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நேரலை, யூடியூப் அலைவரிசை, முகநூல் பக்கம், வாட்ஸ்அப் குழு என்று திருச்சபைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கி வரும் இக்காலத்தில், 'இவ்வளவு செய்தும் புதியவர்கள் ஏன் வருவதில்லை?' என்ற கேள்வி சபைக் குழுக் கூட்டங்களில் தவறாமல் எழுகிறது. பெரும்பாலும் இன்னொரு கேமராவோ இன்னும் விலை கூடிய ஒலிக்கருவியோ வாங்குவதென்று தீர்மானம் நிறைவேற, கூட்டம் ஜெபத்துடன் முடிகிறது. சபை ஒன்றின் செய்திப் பணியில் நெடுநாளாகக் கைகொடுத்து வருபவன் என்ற முறையில் என் கருத்து வேறு. நம் சபைகள் வெளியிடுவனவற்றில் மிகப் பெரும்பகுதி, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களிடமே பேசுகிறது. ஆலயத்துக்குள் ஒருமுறைகூடக் காலடி வைக்காதவரை மனத்தில் இருத்தி எழுதப்படும் அறிவிப்போ எடுக்கப்படும் காணொளியோ அரிதாகவே கண்ணில் படுகிறது. கருவிகளை எவ்வளவு வாங்கிக் குவித்தாலும் இந்தக் குறை தீராது.

ஊடகத்துக்கும் திருச்சபைக்கும் உள்ள உறவு நேற்று வந்ததன்று. நகரும் அச்செழுத்துகளைக் கொண்டு குட்டன்பர்க் அச்சிட்ட பெருநூல், 1455-ஐ ஒட்டி வெளிவந்த இலத்தீன் விவிலியம். தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய நூலும் 1578-இல் கொல்லத்தில் வெளியான கிறித்தவ மறைக்கல்வி நூல்தான். வானொலியைக் கண்டு திருச்சபை ஒதுங்கி நிற்கவும் இல்லை. 1931-இல் வத்திக்கான் வானொலி நிலையத்தை அமைத்துக் கொடுத்தவர் வானொலியின் முன்னோடியான மார்க்கோனியே.

ஆயினும் இந்த நீண்ட வரலாற்றில் என் கவனத்தை அதிகம் ஈர்ப்பவர், தங்களைப் போலவே இதழ் நடத்திய ஒருவர். இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் 'குளோஸ்டர் ஜர்னல்' என்னும் இதழை வெளியிட்டு வந்த ராபர்ட் ரெய்க்ஸ், வாரம் முழுவதும் வேலைக்குப் போய் ஞாயிறன்று கேட்பாரின்றித் தெருவில் திரிந்த ஏழைச் சிறுவர்களுக்கு வாசிக்கக் கற்பிக்க 1780-இல் ஞாயிறு பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இதழ் தம் கையிலேயே இருந்தும், அதைப் பற்றி அவர் அதில் எழுதியது 1783 நவம்பரில்தான். பிற இதழ்கள் அச்செய்தியை எடுத்து மறுபதிப்புச் செய்ய, ஞாயிறு பள்ளி சில ஆண்டுகளுக்குள் இங்கிலாந்தெங்கும் பரவியது. மூன்றாண்டுகள் வேலை நடந்த பிறகே செய்தி வந்தது என்பதையும், அச்செய்தி ஆலயக் கட்டடத்தின் சிறப்பையோ ஆயரின் பெருமையையோ பேசாமல் அந்தச் சிறுவர்களின் நிலையைப் பேசியது என்பதையும் நம் சபைகளின் செய்திப் பொறுப்பாளர்கள் கருதிப் பார்க்க வேண்டும். இன்று நிலைமை தலைகீழ். தொடங்காத பணிக்கு முன்னோட்டக் காணொளி முதலில் வந்துவிடுகிறது.

நேரலைக்கு வருகிறேன். 1921 ஜனவரி 2 அன்று, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கால்வரி ஆலயத்தின் ஆராதனையை கேடிகேஏ வானொலி நிலையம் ஒலிபரப்பியது; ஆலய ஆராதனை ஒன்று வானொலியில் ஒலித்தது அதுவே முதல்முறை எனப்படுகிறது. ஒலிக்கருவியோடு வந்த தொழில்நுட்பப் பணியாளர்கள் சபையாரின் கவனத்தைக் கலைக்காதிருக்கும் பொருட்டுப் பாடகர் குழுவின் அங்கியை அணிந்துகொண்டு உட்கார்ந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. (பலிபீடத்துக்கும் சபையாருக்கும் நடுவே கேமரா முக்காலியை நட்டுவிட்டு நிற்கும் இன்றைய ஒளிப்பதிவாளர்கள் இதைக் கேட்டால் நன்று.) அன்று முதல் இன்று வரை ஆராதனை ஒலிபரப்பின் பயன் ஒன்றே. படுக்கையில் இருப்பவர், முதுமையால் வெளியே வர இயலாதவர், தொலைதூரத்தில் வேலை பார்ப்பவர் ஆகியோர் தம் சபையோடு ஒட்டியிருக்க அது உதவுகிறது. 2020-இல் ஆலயங்களின் கதவுகள் அடைபட்டபோது அந்த உதவியின் அருமையை உலகமே உணர்ந்தது. அது தொடர வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் அது உறுப்பினர்களுக்குச் செய்யும் பணி. புதியவர்களை அழைக்கும் பணியாகாது. இரண்டு மணி நேரத் திருமணக் காணொளியை முழுவதும் உட்கார்ந்து பார்ப்பவர்கள் மணமக்களின் உறவினர்கள் மட்டுமே, நேரலையும் அப்படித்தான். யூடியூப் தன் அலைவரிசைக்காரர்களுக்குக் காட்டும் புள்ளிவிவரப் பக்கத்தில், பார்வையாளர்கள் எந்த நிமிடத்தில் விலகிப் போகிறார்கள் என்பதைக் கோடாக வரைந்து காட்டும் படம் ஒன்று உண்டு. ஆராதனைப் பதிவு எதையாவது எடுத்து அந்தக் கோட்டைப் பாருங்கள். முதல் சில நிமிடங்களில், அதாவது மைக்கைத் தட்டிப் பார்த்து, பிறந்தநாள் கண்டவர்களின் பெயர்களை வாசித்து, கடந்த வாரக் கூட்டத்துக்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள், அது செங்குத்தாக விழுந்துவிடும். அதன்பிறகு மட்டமாக ஓடும் கோடு, நம் சொந்தச் சபையார். முகநூலில் ஒருவர் ஓரிரு நொடி பார்த்தாலே அதைக் காணொளிப் பார்வையாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் இருப்பதால், 'ஆயிரம் பேர் பார்த்தார்கள்' என்ற அறிக்கை சபைக் குழுவுக்கு மகிழ்ச்சி தருமேயன்றி, யாருக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்லாது.

வெளியே இருப்பவருக்கென்று காணொளி செய்வதாயின், அவர் மனத்தில் உண்மையாகவே உள்ள ஒரு கேள்வியை எடுத்து, இரண்டு மூன்று நிமிடங்களில், அறிமுக இசையும் பட்டங்களின் வரிசையும் இல்லாமல் பேச வேண்டும். துக்கத்தில் இருப்பவர் எப்படி ஜெபிப்பது, மன்னிக்க முடியாதவரை என்ன செய்வது, குழந்தைக்கு மரணத்தைப் பற்றி எப்படிச் சொல்வது போன்றவை ஆயரிடம் நேரில் வந்து மக்கள் கேட்பவை; அவற்றையே எடுத்துக்கொள்ளலாம். பலரும் கைபேசியில் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்ப்பதால் பேச்சை எழுத்தாகத் திரையில் தர வேண்டும். படம் சுமாராக இருந்தாலும் பொறுப்பவர்கள் ஒலி மோசமாக இருந்தால் பொறுப்பதில்லை என்பதால், கேமராவின் மைக்கை நம்பாமல் ஆலயத்தின் ஒலிக்கலவைக் கருவியிலிருந்து நேராக இணைப்பு எடுத்துக்கொள்வது நலம். கருவிகள் குறித்து நான் சொல்ல விரும்புவது இவ்வளவே.

காணொளியைவிட முக்கியமானதாக நான் கருதுவது, எவரும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளாத சில எளிய வரிகள். முதல்முறையாக ஓர் ஆலயத்துக்கு வர நினைப்பவருக்குத் தெரிய வேண்டியவை என்ன? ஆராதனை எத்தனை மணிக்குத் தொடங்கும், எவ்வளவு நேரம் நடக்கும், எந்த மொழியில் நடக்கும், எந்த வாசல் வழியாக நுழைவது, வண்டியை எங்கே நிறுத்துவது, சக்கர நாற்காலி போகுமா, குழந்தை அழுதால் எங்கே எடுத்துச் செல்வது, காணிக்கைத் தட்டு வரும்போது ஏதும் போடாவிட்டால் தவறாக நினைப்பார்களா, அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தில் எல்லோரும் பங்கு பெறலாமா, எழுந்து பெயர் சொல்லச் சொல்வார்களா, பின் வரிசையில் உட்கார்ந்துவிட்டு நடுவிலேயே புறப்படலாமா? இவற்றுள் கடைசி மூன்றும்தான் மனிதர்களை வாசலிலேயே தடுத்து நிறுத்துபவை என்பது என் கணிப்பு. கூச்சத்தால் அவற்றை எவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் ஒரு சபையின் வலைத்தளத்தைத் திறந்தால் என்ன இருக்கிறது? சபையின் நூற்றாண்டு வரலாறு, பணிபுரிந்த ஆயர்களின் பட்டியல், திறப்பு விழாக் கல்வெட்டின் படம். ஆராதனை நேரத்தைத் தேடிக் கண்டுபிடித்தால், அது சென்ற பெருவிழாவின் நேரமாக இருக்கும்.

அறிவிப்புப் பலகைகளும் இதற்குச் சளைத்தவை அல்ல. 'வெள்ளி மாலை ஜெபக்கூட்டம் வழக்கமான இடத்தில், வழக்கமான நேரத்தில் நடைபெறும். அனைவரும் வருக' என்ற வாசகத்தை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். 'அனைவரும்' என்று அழைத்துவிட்டு, தெரிந்தவர்கள் மட்டும் வரும்படி எழுதப்பட்ட அறிவிப்பு அது. எழுதியவருக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. அந்த இடம் தெரியாத ஒருவர் தம் பலகையைப் படிக்கக்கூடும் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. கூகுள் வரைபடத்தில் ஆலயத்தின் இருப்பிடம், திறக்கும் நேரம், தொலைபேசி எண் ஆகியவற்றைச் சரிபார்த்து, பெருவிழாக் காலங்களில் மாறும் நேரங்களை ஒரு வாரம் முன்பே திருத்தி வைப்பதற்குக் காசு எதுவும் செலவாவதில்லை; ஒருவர் பொறுப்பேற்றால் போதும். அந்த எண், பணியிட மாற்றம் பெற்றுப் போய்விட்ட முந்தைய ஆயரின் எண்ணாக இருக்கக் கூடாது.

அழைப்புக்கு மறுமொழி சொல்லும் ஆள் யார் என்பது அடுத்த கேள்வி; இதில் சற்று நின்று பேச விரும்புகிறேன். 1953-இல் லண்டன் நகரின் புனித ஸ்தேவான் வால்புரூக் ஆலயத்தின் குருவானவர் சாட் வாரா, தற்கொலை எண்ணத்தால் வதைபடுவோர் எந்நேரமும் அழைக்கலாம் என்று ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார். செய்தித்தாள்கள் அதைப் பரப்பின. மக்கள் அழைத்தார்கள், நேரிலும் வந்தார்கள். அவரைச் சந்திக்கக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து அருகில் உட்கார்ந்து செவிகொடுத்த தன்னார்வலர்களிடம் பேசிய பிறகு, பலர் அவரைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போனதை அவர் கவனித்தார். 1954-இன் தொடக்கத்திலேயே அந்தப் பணியை அவர்கள் கையில் ஒப்படைத்தார். சமாரிட்டன்ஸ் என்ற அமைப்பு அப்படித்தான் உருவாயிற்று. அது சபைக்கு ஆள் சேர்க்கும் அமைப்பன்று. அப்படி ஆக்க அவர் முயலவும் இல்லை. ஆனாலும் ஊடகத்தைத் திருச்சபை பயன்படுத்திய விதங்களுள் இதைவிடச் சிறந்த ஒன்றை நான் அறியேன். ஒரே ஓர் எண், மறுமுனையில் கேட்பதற்கு ஒரு காது, அவ்வளவுதான். நம் சபைகளின் பக்கங்களுக்கு வரும் செய்திகளோ நாள்கணக்கில் திறக்கப்படாமலே கிடக்கின்றன. 'என் தாயாருக்காக ஜெபிக்க முடியுமா?' என்று நள்ளிரவில் எழுதிய ஒருவருக்கு, மூன்று நாள் கழித்து ஒரு கைகூப்பும் குறியீடு மட்டும் பதிலாகப் போனால், அவர் அந்த ஆலயத்தின் பக்கம் தலைவைத்துப் படுப்பாரா? இரண்டு மூன்று பேர் முறைவைத்துக்கொண்டு ஒரு நாளுக்குள் பெயர் சொல்லிப் பதில் எழுதும் ஏற்பாடு, புதிய கேமராவைக் காட்டிலும் முந்தி வர வேண்டும்.

மனிதர்கள் ஒரு சமயக் குழுவில் எப்படிச் சேர்கிறார்கள் என்பதை ஜான் லாஃப்லண்ட், ராட்னி ஸ்டார்க் என்னும் சமூகவியலாளர்கள் 1965-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஆராய்ந்தது. கொள்கையைக் கேட்டு ஏற்றுக்கொண்ட பின் நட்பு தோன்றுவதைவிட, ஏற்கெனவே உள்ளவர்களோடு ஏற்பட்ட நட்பின் வழியே கொள்கையை ஏற்பதே மிகுதி என்பதை அது எடுத்துக் காட்டியது. அமெரிக்க நற்செய்தியாளர் பில்லி கிரகாம் நடத்திய பெருங்கூட்டங்களில், ஒவ்வொருவரும் தம் நண்பர்களின் பெயர்களை எழுதிவைத்து, அவர்களுக்காக ஜெபித்து, கூடவே அழைத்து வரும் ஏற்பாடு ஒன்று இருந்தது; தம் சகோதரர் பேதுருவை இயேசுவிடம் அழைத்துச் சென்ற அந்திரேயாவின் பெயரையே அதற்குச் சூட்டியிருந்தார்கள். வானொலியும் தொலைக்காட்சியும் கையில் இருந்த அவரே அதை விட்டுவிடவில்லை. ஆகவே ஒரு சபையின் செய்திப் பணி, தன் உறுப்பினர் ஒருவர் தம் அயலாருக்கோ உடன் பணிபுரிபவருக்கோ கூச்சமின்றி அனுப்பக்கூடிய ஒன்றைத் தயாரித்துக் கொடுப்பதாக இருக்கட்டும். 'இதை இருபது பேருக்கு அனுப்பினால் ஆசீர்வாதம்' என்ற வகைச் செய்திகளை அனுப்பி அனுப்பியே உறவினர்களின் வாட்ஸ்அப்பில் நாம் முடக்கி வைக்கப்பட்டிருக்கிறோம்.

உள்ளே நடப்பதையே வெளியாருக்காகத் திருத்தி அமைத்ததற்கு நல்ல சான்று ஆல்ஃபா வகுப்பு. லண்டனின் ஹோலி டிரினிட்டி பிராம்ப்டன் ஆலயத்தில் 1977-இல் அது தொடங்கியபோது, புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கான அடிப்படைப் பாடமாகவே இருந்தது. 1990-இல் பொறுப்பேற்ற நிக்கி கம்பெல், ஆலயத்துக்கே வராதவர்களும் அதில் ஆர்வம் காட்டுவதைக் கண்டு, அவர்களுக்கு ஏற்றவாறு அதை மாற்றி அமைத்தார். முதலில் சேர்ந்து உணவு, பிறகு ஓர் உரை, அதன்பின் சிறு குழுக்களாகப் பிரிந்து கலந்துரையாடல். எந்தக் கேள்வியையும் கேட்கலாம். எவரும் விடை சொல்லியே ஆக வேண்டியதில்லை. பல சபைப் பிரிவினரும் அதை எடுத்துக்கொண்டு உலகெங்கும் நடத்துகிறார்கள். அதன் இறையியலில் சிலவற்றோடு உடன்படாதவர்கள் உண்டு. நானும் எல்லாவற்றையும் ஏற்பவன் அல்லேன். ஆயினும் 'அடுத்து இங்கே உட்காரப் போகிறவருக்கு நமக்குத் தெரிந்தது எதுவுமே தெரியாது' என்று எண்ணிப் பாடத்தை மாற்றி எழுதிய அந்தச் செயலில் கற்றுக்கொள்ள நிறைய உண்டு.

ஆலயத்துக்குள் வந்துவிட்டவரை எப்படி நடத்துவது என்பது ஊடகத்துக்குப் புறம்பானது போலத் தோன்றினாலும், விளம்பரம் சொன்னது மெய்யா பொய்யா என்பது அங்கேதான் தெரிந்துவிடுகிறது. பொன்மோதிரம் அணிந்தவருக்கு நல்ல இருக்கையும் ஏழைக்கு நிற்க இடமும் கொடுப்பதை விவிலியத்திலுள்ள தம் நிருபத்தில் யாக்கோபு அன்றே கண்டித்திருக்கிறார். புதியவரை எழுப்பி நிறுத்திக் கைதட்டுவது அன்பினால்தான் என்றாலும், அமைதி தேடி வந்தவருக்கு அது தண்டனை. ஆராதனை முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் திரும்பி நான்கு வார்த்தை பேசுவதும், மறுவாரம் பெயரை நினைவில் வைத்திருப்பதும் போதும். தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டால் ஒருமுறை அழைக்கலாம். வாலிபர் ஐக்கியம், பெண்கள் ஐக்கியம், பாடகர் குழு என்று ஆளுக்கு ஒருவராக அழைக்க வேண்டாம்.

செய்யக் கூடாதவற்றையும் சொல்லியாக வேண்டும். நோய் நீங்கும், வேலை கிடைக்கும் என்று உறுதி கூறி அழைப்பது ஏமாற்று. இல்லாதவருக்கு உதவிப் பொருள் கொடுக்கும்போது, அவர் பையைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்க்க நிற்கும் படங்களை வெளியிடுவதும், வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்று மலைப்பிரசங்கத்தை வாசிப்பதும் ஒரே வாரத்தில் நடக்கலாகாது. குழந்தைகளின் படங்களைப் பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் வெளியிடக் கூடாது. ஜெப விண்ணப்பங்களில் நோயாளியின் பெயரையும் நோயையும் சேர்த்து நேரலையில் வாசிப்பதை உடனே நிறுத்த வேண்டும்; ஆலயத்துக்குள் ஐம்பது பேர் கேட்பது வேறு, இணையத்தில் என்றென்றும் கிடப்பது வேறு. பிற சமயத்தாரை இழித்துப் பேசி எடுக்கப்படும் காணொளிகள் வேகமாகப் பரவுவது உண்மையே. அவை ஈர்ப்பது ஏற்கெனவே கோபத்தில் இருப்பவர்களை மட்டுமே.

எண்ணிக்கை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சபை வளர்ச்சி பற்றி விரிவாக எழுதிய டொனால்டு மெக்காவ்ரனும் அவர் வழி வந்தவர்களும், உறுப்பினர் குடும்பங்களில் பிறக்கும் குழந்தைகளால் வரும் வளர்ச்சி, வேறு சபையிலிருந்து மாறி வருபவர்களால் வரும் வளர்ச்சி, புதிதாக விசுவாசத்துக்கு வருபவர்களால் வரும் வளர்ச்சி என்று அதைப் பிரித்துக் காட்டினார்கள். நல்ல இசைக்குழுவும் திரையும் ஒளியமைப்பும் பெரும்பாலும் இரண்டாம் வகையைத்தான் கொண்டு வருகின்றன. பக்கத்துச் சபை மெலிய இந்தச் சபை தடித்தால், மொத்தத்தில் எவரும் புதிதாகச் சேரவில்லை. ஆண்டறிக்கையில் இந்த மூன்றையும் தனித்தனியே எழுதும் துணிவு சபைகளுக்கு வர வேண்டும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதற்குப் பதிலாக, எத்தனை பேர் எழுதிக் கேட்டார்கள், எத்தனை பேருக்குப் பதில் போயிற்று, வந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறையும் வந்தார்கள் என்பதைக் குறித்து வைக்கலாம்.

திருச்சபை விளம்பரம் செய்யலாமா என்று தயங்கும் மூத்தவர்களின் மனநிலை எனக்குப் புரிகிறது. சந்தையின் இரைச்சலில் வழிபாடும் ஒரு சரக்காகிவிடும் என்ற அவர்களது அச்சம் அற்பமானதன்று. ஆனால் ஆலயமணியும் கோபுரச் சிலுவையும் வாசற்பலகையும் விளம்பரமல்லாமல் வேறென்ன? கத்தோலிக்கத் திருச்சபை 1963-இல், உலகெங்குமுள்ள அதன் ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் சமூகத் தொடர்புச் சாதனங்கள் குறித்துத் தனி ஆணையே வெளியிட்டு, 1967 முதல் ஆண்டுதோறும் உலகச் சமூகத் தொடர்பு நாளையும் கடைப்பிடித்து வருகிறது. ஊடகம் வேண்டுமா வேண்டாமா என்ற வாதம் முடிந்து நெடுங்காலமாயிற்று.

இறுதியாக, இந்த நாளிதழைச் சார்ந்த ஒன்று. சபைகளிலிருந்து தங்கள் அலுவலகத்துக்கு வரும் செய்திக் குறிப்புகள் எப்படியிருக்கும் என்பதை நான் ஊகிக்க முடியும், ஏனெனில் அத்தகைய குறிப்புகள் தயாராகும் மேசைக்கு அருகில் இருப்பவன் நான். தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், வரவேற்றவர், வாழ்த்தியவர், நன்றி கூறியவர் என்று இருபது பெயர்கள், மேடையில் வரிசையாக நிற்கும் படம், நிகழ்ச்சி முடிந்த மூன்றாம் நாள். வாசகர் அதில் எதற்கும் வர முடியாது. நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பே, நாள், நேரம், இடம், இடத்தைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம், யாருக்காக நடக்கிறது, தொடர்புக்கு யார் என்ற ஆறு செய்திகளோடு பத்து வரியில் எழுதி அனுப்புமாறு சபைகளுக்குத் தாங்களே ஒரு சிறு கட்டம் கட்டி அறிவிப்பு வெளியிட்டால் உதவியாக இருக்கும். பெயர்ப் பட்டியலோடு வரும் குறிப்புகளை, 'ஆலயத்தின் முகவரி எங்கே?' என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்புங்கள். எங்கள் சபையிலிருந்து வருவதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இப்படிக்கு,
சபைச் செய்திப் பணியில் உள்ள ஒரு வாசகர்